லூட்டியல் கட்டத்தில் எல்.எச். துடிப்பைத் தளர்த்துவது எது? நலாக்சோன் சான்றின் மறுவாசிப்பு

மாதவிடாய்ச் சுழற்சியின் லூட்டியல் கட்டத்தில் எல்.எச். துடிப்புகள் அருகிப்போவதற்கு பீட்டா-எண்டார்ஃபினே காரணம் என்ற விளக்கம் நாற்பது ஆண்டுகளாக ஏறத்தாழ மறுப்பின்றி நிலைத்துவிட்டது. அதன் முதன்மைச் சான்று, 1980இல் குவிக்லியும் யென்னும் வெளியிட்ட நலாக்சோன் ஆய்வு. அதன் அளவீடுகளில் எனக்கு ஐயமில்லை. பின்வந்தோர் அவற்றின்மேல் ஏற்றிய பொருளே இங்கு விவாதத்துக்கு உரியது.

ஓபியாய்டு ஏற்பிகளைத் தடுக்கும் நலாக்சோனைச் சிரைவழி தொடர்ந்து செலுத்தியபோது, ஃபாலிக்குலர் கட்டத்தின் தொடக்கத்தில் எல்.எச். அசையவில்லை. அக்கட்டத்தின் இறுதியிலும் லூட்டியல் கட்டத்தின் நடுவிலும் தெளிவாக உயர்ந்தது. அடுத்த ஆண்டு அதே குழு வெளியிட்ட அளவீடுகளில் துடிப்பின் உயரத்தோடு எண்ணிக்கையும் கூடியது. சூலக ஸ்டீராய்டுகள் உள்ளபோது உடலின் சொந்த ஓபியாய்டுகள் எல்.எச். சுரப்பை அடக்குகின்றன என்ற முடிவு இதிலிருந்து வருகிறது. அதுவரை சரி. அந்த ஓபியாய்டு பீட்டா-எண்டார்ஃபின், அது செயல்படுவது மியூ ஏற்பியின் வழியே என்ற அடுத்த தாவலுக்குத்தான் அந்த ஆய்வில் இடமில்லை.

காரணம் எளியது. நலாக்சோன் மியூ ஏற்பியை அதிகம் நாடினாலும் காப்பா ஏற்பியையும் தடுக்கிறது. அதற்குப் பல மடங்கு கூடுதல் செறிவு வேண்டும், அவ்வளவே. மணிக்கணக்கில் தொடர்ந்து செலுத்தும் சோதனையில் காப்பா ஏற்பிகள் தீண்டப்படாமலே இருந்தன என்று கொள்ள ஆதாரமில்லை. ஒரே சாவி இரு பூட்டுகளுக்கும் பொருந்தும்போது, கதவு திறந்ததை வைத்து எந்தப் பூட்டு போடப்பட்டிருந்தது என்று சொல்ல இயலாது. 1980இல் இது பெரிய குறையாகத் தோன்றியிராது. காப்பா ஏற்பி வழியே செயல்படும் ஓபியாய்டான டைனார்ஃபினுக்கு அன்று இனப்பெருக்க அச்சில் தெளிவான இடம் எதுவும் இல்லை.

இன்று இருக்கிறது. கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்ஃபின் மூன்றையும் ஒருங்கே சுரக்கும் ஆர்க்குவேட் உட்கரு நியூரான்களே ஜி.என்.ஆர்.எச். துடிப்பை எழுப்புகின்றன என்பதும், ஒவ்வொரு துடிப்பையும் டைனார்ஃபின் காப்பா ஏற்பி வழியே முடித்துவைக்கிறது என்பதும் விலங்காய்வுகளில் வலுவாக நிறுவப்பட்டவை. பெண் செம்மறியாட்டில் இந்த டைனார்ஃபின் நியூரான்களில் மிகப் பெரும்பான்மையானவை புரொஜெஸ்டிரோன் ஏற்பி கொண்டவை. லூட்டியல் கட்டத்தின் தனி அடையாளம் புரொஜெஸ்டிரோன். அதன் விளைவு, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வந்த துடிப்பு பல மணி நேர இடைவெளிக்குப் போவது. நலாக்சோன் மாற்றியதும் அந்த இடைவெளியைத்தான். இடைவெளியை நிர்ணயிக்கும் நியூரானுக்குள்ளேயே ஓர் ஓபியாய்டு இருக்கையில் வெளியே இன்னொன்றைத் தேடவேண்டிய தேவை எனக்கு விளங்கவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று குரங்குகளிலிருந்து வருகிறது. 1980களின் தொடக்கத்தில் ஃபெரின் குழுவினர், பிட்யூட்டரிக்குச் செல்லும் போர்ட்டல் குருதியில் பீட்டா-எண்டார்ஃபின் லூட்டியல் கட்டத்தில் மிகுந்தும் மாதவிடாயின்போது கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தும் இருப்பதைக் காட்டினர். இதைப் புறந்தள்ள முடியாது. ஆனால் இது ஒருங்குநிகழ்வு. புரொஜெஸ்டிரோனோடு ஏறியிறங்கும் எதுவும் இதே வரைபடத்தைத்தான் தரும். டைனார்ஃபின் அங்கே ஒப்பீட்டுக்கு வைக்கப்படவுமில்லை.

மெட்-என்கெஃபலினின் செயற்கை ஒப்புருவான டாமே மனிதரில் எல்.எச்.சைக் குறைக்கிறதே என்பார்கள். குறைக்கிறது. வெளியிலிருந்து செலுத்தும் பொருள் ஒன்றைச் செய்ய வல்லது என்பதும் உடல் தானே அதைச் செய்கிறது என்பதும் வேறு வேறு. புரொலாக்டினைப் பாருங்கள்: அதே டாமே மனிதரில் புரொலாக்டினைக் கூர்மையாக உயர்த்துகிறது, நலாக்சோனோ அதன் அடிப்படை அளவைப் பெரும்பாலும் அசைப்பதில்லை. எலியில் குறைக்கிறது என்பதற்காக மனித புரொலாக்டினுக்கும் ஓபியாய்டு ஆளுகையை எழுதிவைத்தவர்கள் இந்த வேறுபாட்டை எளிதாகக் கடந்துபோனார்கள்.

மாதவிடாய் நின்ற பெண்களிடம் நலாக்சோனுக்கு எல்.எச். எழுவதில்லை. அவர்களின் இன்ஃபண்டிபுலர் உட்கருவில் (மனிதரில் ஆர்க்குவேட் உட்கருவின் பெயர்) பீட்டா-எண்டார்ஃபினின் முன்னோடி மரபணு வெளிப்பாடு குறைவதை 1999இல் ஏபெல், ரான்ஸ் இருவரும் காட்டியது இதற்குப் பொருத்தமாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் 2008இல் ரொமெட்டோவும் ரான்ஸும் புரோடைனார்ஃபின் வெளிப்பாடும் அப்படியே குறைவதைக் கண்டனர். இரண்டும் குறையும் இடத்தில் ஒன்றுக்கு மட்டும் சாட்சி சொல்லவைப்பது முறையன்று.

மனித இன்ஃபண்டிபுலர் நியூரான்களில் டைனார்ஃபின் அரிதாகவே தென்படுகிறது என்ற 2012ஆம் ஆண்டு ஹ்ராபோவ்ஸ்கி குழுவின் முடிவை எனக்கு எதிராக வைக்கலாம். அவர்கள் பார்த்தது இறந்த இளம் ஆண்களின் திசு. லூட்டியல் கட்டத்தைப் பற்றிய கேள்விக்கு அது விடை ஆகாது.

ஃபாலிக்குலர் கட்ட இறுதியில் நலாக்சோனுக்கு எழும் எல்.எச். உயர்வை மட்டும் என் வாசிப்பு விளக்கவில்லை. அங்கே புரொஜெஸ்டிரோன் குறைவு, துடிப்போ வேகம். பீட்டா-எண்டார்ஃபினுக்கு அங்கே பங்கு இருக்கலாம், அதை மறுக்க என்னிடம் காரணமில்லை. லூட்டியல் கட்டத்தைப் பொறுத்தவரை சோதனை கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. மனச்சோர்வு நோய்க்கான மருத்துவ ஆய்வுகளில் மனிதருக்குக் கொடுக்கப்பட்டுள்ள அட்டிகாப்ரண்ட் காப்பா ஏற்பியைத் தேர்ந்து தடுப்பது. லூட்டியல் நடுவில் அதைக் கொடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த குருதியில் எல்.எச். துடிப்பை எண்ணினால் போதும். மியூ ஏற்பியைத் தீண்டாத அளவில் கொடுத்தும் துடிப்பு விரையவில்லையென்றால், இக்கட்டுரையின் வாதம் கைவிடப்பட வேண்டியதே.