மன ஒடுக்கம்

மன ஒடுக்கம் என்பது, தாங்க முடியாத நினைவையோ ஏற்கத் தகாத ஆசையையோ ஒருவர் தம்மை அறியாமலே நனவு மனத்திலிருந்து விலக்கி வைப்பதைக் குறிக்கும் உளவியல் கருத்து. ஆசையைத் தெரிந்தே அடக்கிக்கொள்வது வேறு; ஒடுக்கத்தில், அடக்குகிறோம் என்ற உணர்வே இருப்பதில்லை. ஒடுக்கப்பட்டது அழியாமல் நனவிலி மனத்தில் தங்கி, கனவாகவும் வாய் தவறி வரும் சொல்லாகவும் காரணம் புலப்படாத உடல் வலியாகவும் திரும்பி வரும் என்பது இதன் மையக் கூற்று. வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு (1856–1939) இதை முழுக் கோட்பாடாக வளர்த்தார். மருத்துவத்தில் இதன் தகுதி இன்றும் விவாதத்துக்குரியது. இலக்கியத்தில் இது ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

முன்னோடிகள்

எண்ணங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, வலுக்குறைந்தவை நனவின் எல்லைக்குக் கீழே தள்ளப்படுகின்றன என்று 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹெர்பார்ட் கூறினார். மனம் ஏற்க மறுப்பதை வலிந்து வெளியேற்றுவதில் பித்தின் தோற்றத்தைக் கண்டவர் ஷோப்பன்ஹவர். அவர் எழுதிய இந்தப் பகுதியைத் தம் மாணவர் ஓட்டோ ரான்க் காட்டிய பிறகே தாம் அறிந்ததாக பிராய்டு 1914இல் எழுதினார். மனப் பிளவு பற்றி பியேர் ஜானே 1889இல் பாரிஸில் நூல் வெளியிட்டார். ஜானே, பிராய்டு இருவரில் யார் முதல்வர் என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது.

வியன்னாக் காலம் (1880–1915)

கருத்தின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவாகியுள்ள காலம் இதுவே. தொடக்கமாகச் சொல்லப்படுவது மருத்துவர் யோசப் பிராயர் 1880 முதல் 1882 வரை சிகிச்சையளித்த இளம்பெண்ணின் வரலாறு. நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது அவரும் நோயில் விழுந்தார். ஒரு கோடையில் கடும் தாகம் இருந்தும் தண்ணீர்க் குவளை உதட்டில் பட்டதும் விலக்கிவிடுவார். வாரக்கணக்கில் பழங்களைக் கொண்டே தாகம் தணித்தார். பிறகு அறிதுயில் நிலையில் ஒரு செய்தியைச் சொன்னார். தம் தோழியாக வீட்டில் இருந்த ஆங்கிலப் பெண்ணின் நாய்க்குட்டி குவளையிலிருந்து நீர் குடித்ததை அவர் பார்த்திருக்கிறார். மரியாதை கருதி அப்போது எதுவும் பேசவில்லை. அன்று விழுங்கிய கோபத்தை முழுவதும் கொட்டித் தீர்த்தவர், உடனே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இம்முறைக்குப் ‘பேச்சு மருத்துவம்’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்டவரும் அவரே.

1895இல் பிராயரும் பிராய்டும் வெளியிட்ட ‘ஹிஸ்டீரியா ஆய்வுகள்’ நூலில் அவர் ‘அன்னா ஓ’ என்ற புனைபெயரில் இடம்பெற்றார். அவர் பெர்த்தா பாப்பன்ஹைம் என்பது 1953இல் வெளியாயிற்று. சிகிச்சை அவரைக் குணப்படுத்தியதாக நூல் கூறுகிறது. அதன் பிறகும் அவர் மருத்துவ நிலையத்தில் தங்கவேண்டியிருந்ததை, 1972இல் வரலாற்றாய்வாளர் எல்லன்பெர்கர் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. பின்னாளில் அவர் யூதப் பெண்கள் சங்கத்தை 1904இல் நிறுவி, கைவிடப்பட்ட பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் உழைத்தார். மருத்துவ நூல்கள் பெரும்பாலும் அவரை நோயாளியாக மட்டுமே நினைவில் வைத்திருப்பது வருந்தத்தக்கது.

அதே நூலில் வரும் ‘எலிசபெத்’ என்ற பெண்ணுக்குக் கால்வலி, நடப்பதே துன்பம். இறந்துகிடந்த தமக்கையின் படுக்கை அருகே நின்றபோது, இனி அத்தான் தம்மை மணக்கத் தடையில்லை என்ற எண்ணம் ஒரு கணம் மின்னியதாகவும், அதை மனம் ஏற்க மறுத்ததால் வலி வலுப்பெற்றதாகவும் பிராய்டு விளக்கினார். பிற்காலத்தில் அந்தப் பெண் இவ்விளக்கத்தை ஒப்பவில்லை என்றும், அத்தான்மீது தமக்குக் காதல் என்று நம்பவைக்க மருத்துவர் முயன்றார் என்றே சொன்னதாகவும் அவருடைய மகள் பதிவுசெய்தார். இருவரில் யார் கூற்று சரி என்று தீர்ப்பதற்கு வழியில்லை. தம் நோயாளர் வரலாறுகள் அறிவியலின் முத்திரை இல்லாமல் சிறுகதைகள்போல் படிக்கப்படுகின்றனவே என்று பிராய்டு இந்த வரலாற்றின் முடிவில் கவலைப்பட்டது குறிப்பிடத்தக்கது.

1896இல், ஹிஸ்டீரியாவின் வேர் குழந்தைப் பருவப் பாலியல் வன்கொடுமையின் ஒடுக்கப்பட்ட நினைவே என்றார் பிராய்டு. 1897 செப்டம்பரில் நண்பர் பிளீஸுக்கு எழுதிய கடிதத்தில் அக்கொள்கையில் தமக்கிருந்த நம்பிக்கை போய்விட்டதாகத் தெரிவித்தார். சான்றுகள் போதாமையே காரணம் என்போரும், துணிவின்மையே காரணம் என்போரும் உளர்.

1907இல் பிராய்டு, வில்ஹெல்ம் யென்சன் எழுதிய ‘கிராடிவா’ (1903) என்ற கதையை ஆராய்ந்தார். நடந்துசெல்லும் பெண்ணின் கற்சிற்பத்தில் மனம் பறிகொடுத்த தொல்லியலாளன் ஒருவன் பொம்பெயி நகரின் இடிபாடுகளுக்குப் போகிறான். அங்கே அவன் சந்திக்கும் பெண், அவன் அடியோடு மறந்துபோன பால்யத் தோழி. எரிமலைச் சாம்பல் பொம்பெயியை மூடியதோடு காத்தும் வைத்ததைப்போல ஒடுக்கமும் நினைவை மறைத்துக் காக்கிறது என்றார் பிராய்டு. அச்சிற்பத்தின் சுதை வார்ப்பு அவருடைய சிகிச்சை அறையில் தொங்கியது.

தம் சிகிச்சை முறையான உளப்பகுப்பாய்வு முழுவதும் ஒடுக்கக் கோட்பாட்டின்மேல்தான் நிற்கிறது என்று 1914இல் எழுதிய அவர், 1915இல் ‘ஒடுக்கம்’ என்ற தனிக் கட்டுரையை வெளியிட்டார். ஒடுக்கத்திலிருந்து பதற்றம் பிறக்கிறது என்ற தம் பழைய கருத்தை 1926இல் மாற்றி, பதற்றமே ஒடுக்கத்தைத் தூண்டுகிறது என்றார். மகள் அன்னா பிராய்டு 1936இல் ஒடுக்கத்தை மனத்தின் பல தற்காப்பு வழிகளுள் ஒன்றாக வகைப்படுத்தினார்.

கல்கத்தா

கிரீந்திரசேகர் போஸ் (1887–1953) கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு, ‘ஒடுக்கம் என்னும் கருத்து’ என்ற பொருளில் 1921இல் நூலாயிற்று. அவர் அதை பிராய்டுக்கு அனுப்பியதிலிருந்து இருவருக்கும் நீண்ட கடிதப் போக்குவரத்து ஏற்பட்டது. 1922இல் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஒவ்வோர் ஆசைக்கும் எதிரான ஆசை ஒன்று கூடவே பிறக்கிறது, ஒன்று நனவில் நிற்கும்போது மற்றது ஒடுங்குகிறது என்பது அவர் கொள்கை. வியன்னாவின் கோட்பாட்டைக் கற்றதோடு நில்லாமல், தம் நோயாளரிடம் கண்டதைக் கொண்டு அதனோடு வாதிட்டவர் அவர். பிராய்டு இக்கொள்கையை முழுமையாக ஏற்கவில்லை. பிராய்டைப் பார்த்திராத ஓவியர் ஒருவர் கற்பனையில் தீட்டிய அவருடைய உருவப்படத்தை போஸ் அனுப்பிவைத்தார். அதில் தாம் முழு ஆங்கிலேயராகத் தோன்றுவதாக பிராய்டு தோழி ஒருவருக்கு எழுதினார்.

சமூகம்

நாகரிகம் ஆசைகளைத் துறப்பதன்மேல் எழுப்பப்பட்டது என்று பிராய்டு 1930இல் வாதிட்டார். தேவைக்கு மேற்பட்ட ஒடுக்கம் அதிகாரத்தின் பொருட்டுத் திணிக்கப்படுகிறது என்று ஹெர்பர்ட் மார்க்யூஸ் 1955இல் கூறினார். பாலியல் பேச்சு அடக்கப்பட்டதாகச் சொல்லப்படும் காலத்தில்தான் அது பெருகியது என்று மிஷேல் பூக்கோ 1976இல் மறுத்தார். இலங்கையின் கதிர்காமத்தில் சடைமுடி வளர்த்த பெண் பக்தர்களை ஆராய்ந்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1981இல் வெளியிட்ட நூல், தனிமனிதத் துயரம் வழிபாட்டின் குறியீடுகளில் வெளிப்படுவதைக் காட்டியது.

இலக்கியம்

மகாபாரதத்தில் துஷ்யந்தன் சகுந்தலையை அறிந்தே அறியாதவன்போல் பேசுகிறான். காளிதாசன் அதைத் துர்வாசரின் சாபத்தால் வந்த மறதியாக்கி, மோதிரத்தைக் கண்டதும் நினைவு மீள்வதாக அமைத்தான். இதை ஒடுக்கத்தின் சித்திரிப்பாகக் கொள்ளலாமா என்பது வாசிப்பவரின் சார்பைப் பொறுத்தது. ஒரே மனிதனின் இரு முகங்களான ஸ்டீவன்சனின் ஜெக்கிலும் ஹைடும் (1886) கோட்பாட்டுக்கு முந்தையவர்கள். தாம் உழைத்துக் கண்டதை உள்ளுணர்வால் அறிந்தவர் என்று எழுத்தாளர் ஷ்னிட்ஸ்லருக்கு 1922இல் பிராய்டு எழுதினார்.

தமிழில் கு. ப. ராஜகோபாலனின் சிறுகதைகள் குடும்பப் பெண்களின் சொல்லாத ஆசைகளை மிகக் குறைந்த சொற்களில் காட்டுகின்றன. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலில், தாய்க்கு வேறோர் ஆணுடன் இருக்கும் உறவு வீட்டார் அறிந்தும் பேசாத ஒன்று. இது தனிமனத்தின் ஒடுக்கத்தைவிடக் குடும்பத்தின் மௌனத்துக்கு நெருக்கமானது. ஜெயகாந்தனின் ‘ரிஷிமூலம்’ பிராய்டியப் பொருளை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டது. திரையில் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993), ‘சந்திரமுகி’ (2005) ஆகியவை, பேய் என்று வீட்டார் அஞ்சுவதை மனநோய் என விளக்கும் மருத்துவரை மக்களிடம் கொண்டுசென்றன.

நினைவு விவாதம்

1980களிலும் 1990களிலும் அமெரிக்காவில், சிகிச்சையின்போது மீண்டதாகச் சொல்லப்பட்ட நினைவுகள் நீதிமன்றம் ஏறின. உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட பொய்யான நிகழ்ச்சியை 24 பேரில் ஏறத்தாழ கால்பங்கினர் ஓரளவேனும் ‘நினைவுகூர்ந்தனர்’. வன்கொடுமைக்கு உள்ளானோரின் உண்மையான சாட்சியமும் இதனால் சந்தேகத்துக்கு ஆளாகும் என்ற எதிர்ப்பு எழுந்தது, அது புறக்கணிக்கத்தக்கதன்று. 1800க்கு முந்தைய எந்த எழுத்திலேனும் ஒடுக்கப்பட்ட நினைவுக்குச் சான்று உண்டா என்று மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் குழுவினரும் 1,000 டாலர் பரிசு அறிவித்துத் தேடினர். ஏற்கப்பட்ட விடை, ‘நினா’ என்ற 1786ஆம் ஆண்டுப் பிரெஞ்சு இசைநாடகம்.

அண்மைக்காலம்

வேண்டாத நினைவை முயன்று தவிர்த்தால் பின்னர் அதை நினைவுகூர்வது கடினமாகிறது என்று உளவியலாளர்கள் ஆண்டர்சனும் கிரீனும் 2001இல் காட்டினர். இது நனவோடு செய்யும் அடக்கத்தையே அளக்கிறது என்பது எதிர்வாதம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு நோய்க் கையேட்டில், கடும் துயரத்தை ஒட்டிய மறதி தனி நோயாக இடம்பெற்றுள்ளது. ஒருவர் நினைவை மற்றவர் விளக்கும்போது, சொன்னவரின் சொல்லையும் விளக்கியவரின் சொல்லையும் பிரித்துக் குறிக்க வேண்டும் என்பதே பிராய்டின் நோயாளி எலிசபெத் முதல் நீதிமன்ற வழக்குகள் வரை இவ்வரலாறு தரும் பாடம்.