சந்தனம் போன பின் கோபிநத்தம்

கோபிநத்தத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்கும் கேள்வி, வீரப்பன் பிறந்த வீடு எது என்பதுதான். கர்நாடக அரசின் சுற்றுலா நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் அங்கே அமைத்த முகாமுக்கும் 'மிஸ்டரி டிரெயில்ஸ்' என்றே பெயர் சூட்டியிருக்கிறது. மர்மப் பாதைகள் என்று தமிழில் சொல்லலாம். அந்தப் பெயரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்தக் காட்டில் மர்மம் என்று ஏதுமில்லை. என்ன நடந்தது, எதனால் நடந்தது என்பவற்றின் பெரும்பகுதி அரசாணைகளிலும் தீர்ப்புகளிலும் விசாரணை அறிக்கைகளிலும் பதிவாகியே இருக்கிறது. அதைப் படிக்கும் பொறுமைதான் குறைவு.

முதலில் ஊரின் இருப்பிடம். காவிரி மேகதாட்டைக் கடந்து ஒகேனக்கல்லில் விழுந்து மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடையும் வழியில், மேற்குக் கரைக் காடுகளுக்குள் இருக்கிறது கோபிநத்தம். கிட்டத்தில் ஓடும் பாலாறுதான் இரு மாநிலங்களுக்கும் எல்லை. (வேலூர்ப் பாலாறு அன்று, இது காவிரியில் சேரும் சிற்றாறு.) ஊர் பேசுவது தமிழ். அதற்குக் காரணம் எளியது. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலச் சீரமைப்பில் மைசூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுள் வந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் தலைநகரம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

இந்த ஆற்றுப்படுகையைப் பழைய தொழிற்பகுதி என்று நான் சொல்லும்போது நண்பர்கள் வியக்கிறார்கள். புகைபோக்கி எங்கே, ஆலைச்சங்கு எங்கே என்கிறார்கள். ஆலை இங்கே இல்லை என்பதுதான் விஷயமே. 1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். அவருக்குப் பின்வந்த ஆட்சிகள் எத்தனையோ சட்டங்களை மாற்றின. இந்த ஒன்றை மட்டும் விடாமல் பற்றிக்கொண்டன. முதல் உலகப் போரில் ஜெர்மனிச் சந்தை அடைபட்டு மைசூர் அரசின் கட்டைகள் தேங்கியபோது, நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் எண்ணெயை இங்கேயே வடிப்பது என்று முடிவு செய்தனர். 1916-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெங்களூரிலும் மைசூரிலும் எண்ணெய் ஆலைகள் எழுந்தன. பின்னர் சோப்பும் வந்தது. கொள்ளேகால் மரங்கள் அன்று சென்னை அரசின் உடைமை; 1956-க்குப் பின் அவையும் மைசூர்க் கணக்கில் சேர்ந்தன. எந்தக் கணக்கில் இருந்தாலும் மரத்தின் அடியில் வாழ்ந்தவனுக்கு அதில் உரிமை இல்லை. பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனமும் அரசுடையதே. தன் வயல் வரப்பில் ஒரு கன்று தலைகாட்டினால், வழக்கு வருமே என்று அஞ்சி அதைக் கிள்ளி எறிந்த உழவர்கள் உண்டு. கர்நாடகம் இந்த விதியைத் தளர்த்தியது 2001-இல். தமிழ்நாடு அடுத்த ஆண்டில். அதற்குள் காட்டுச் சந்தனம் பெரும்பாலும் முடிந்துவிட்டது.

சந்தனத்தின் இயல்பையும் சொல்ல வேண்டும். அது பாதி ஒட்டுண்ணி. பக்கத்து மரங்களின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி வளரும். மணம் நடுவைரத்தில் இருக்கிறது. எண்ணெய்ச் செறிவு வேரில் மிகுதி. ஆகவே அதை வெட்டுவதில்லை, வேரோடு தோண்டுவார்கள். அரசும் அப்படித்தான் எடுத்தது, திருடியவனும் அப்படித்தான் எடுத்தான். தோண்டிய குழியில் மறுபடி துளிர்க்க ஏதும் மிஞ்சுவதில்லை. விலை ஏற ஏற, ஊர்க்கூலிக்காரன் இரவில் தலைச்சுமையாகக் கொண்டுபோன கட்டைக்கும் நகரத்து வணிகன் பெற்ற பணத்துக்கும் இடையே இருந்த தூரம் மலையளவு. வீரப்பன் அந்தத் தூரத்தில் எழுந்தவர். யானைத் தந்தத்தில் தொடங்கிச் சந்தனத்துக்கு வந்தவர். கட்டையை இறுதியில் வாங்கியவர்கள் பெயரை எவரும் திரைப்படமாக எடுக்கவில்லை.

கொலைகளை நான் நீட்டிச் சொல்லப் போவதில்லை. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்தனர். 2000-இல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டார். 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் கொல்லப்பட்டார். இவை எல்லோரும் அறிந்தவை.

அறிய வேண்டிய ஒருவர் பி. சீனிவாஸ். ஆந்திரத்திலிருந்து வந்த இந்திய வனப்பணி அதிகாரி. துப்பாக்கியைவிட ஊராரின் நம்பிக்கையே பயன்தரும் என்று கருதியவர். கோபிநத்தத்தில் தங்கினார், மருந்து கிடைக்க வழி செய்தார், மாரியம்மன் கோயில் கட்ட உதவினார், கூட்டத்திலிருந்து சிலரைச் சரணடையச் செய்தார். 1991 நவம்பர் 10 அன்று, சரணடைகிறேன் என்ற வாக்கை நம்பித் தனியே காட்டுக்குள் சென்றவரைச் சுட்டுத் தலையை வெட்டினார்கள். மறு ஆண்டு அவருக்குக் கீர்த்தி சக்ரா வழங்கப்பட்டது. வீரப்பனின் சொந்த ஊர் மக்கள் இன்றும் வணங்குவது இந்த அதிகாரியின் உருவத்தை. அவர் தொடங்கிய முறை அவரோடு நின்றுபோனது. அதன் பிறகு வந்தது அதிரடிப்படை.

மாதேசுவரன் மலையில் 'ஒர்க் ஷாப்' என்று ஒரு இடம் இருந்தது. பெயர்தான் பட்டறை; நடந்தது சித்திரவதை. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு இரு மாநிலத்து ஊர்மக்களின் வாக்குமூலங்களைப் பதிந்தது. 2007-இல் ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. தடா சட்டத்தில் பிடிபட்டு மைசூர்ச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை 2001-இல் தடா நீதிமன்றம் விடுவித்தது. குற்றமற்றவர் என்று அறிய அவர்கள் கொடுத்த விலை தங்கள் இளமை.

இந்த நிலத்துக்குத்தான் இப்போது சுற்றுலா வருகிறது. வரட்டும், நான் எதிரி அல்லேன். ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டபின், 1989 முதல் பத்தாண்டுகள் எம்சர் ஆற்றங்கரையை ஒரு பெருந்திட்டமாக மீட்டார்கள். சோல்வெரைன் சுரங்கம் 2001-இல் உலக மரபுச் சின்னமானது. அங்கே காட்டுவதற்கு எந்திரங்கள் இருந்தன. சுரங்கத்தில் உழைத்தவர்களின் கதை கண்காட்சியின் நடுவில் இருந்தது. கோபிநத்தத்தில் மிஞ்சியவை குழிகளும் ஒரு பெயரும். பெயரை மட்டும் விற்றால், தந்தம், சந்தனம் என்ற வரிசையில் மூன்றாவதாகவும் ஒன்று இங்கிருந்து ஏற்றுமதியாகும். லாபம் மறுபடி வேறிடத்தில் சேரும்.

அருகிலேயே பார்க்கத்தக்க முன்னுதாரணங்கள் உண்டு. மேலே பீமேசுவரியில் மகசீர் மீன்பிடி முகாம்கள் நடந்தபோது, திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். பிடித்த மீனை மறுபடி ஆற்றில் விட வேண்டும் என்பது விதி. பின்னர் சரணாலயச் சட்டத்தின்படி தூண்டிலே தடையாயிற்று. சட்டம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த வழிகாட்டிகளின் பிழைப்புக்கு யாரும் மாற்று யோசித்ததாகத் தெரியவில்லை. கீழே ஒகேனக்கல்லில், குப்பையும் இரைச்சலும் எவ்வளவு இருந்தாலும், பரிசலும் துடுப்பும் ஊர்க்காரர் கையில் இருக்கின்றன. பயணியின் பணத்தில் ஒரு பங்கு அன்று மாலையே ஊருக்குள் போகிறது. மாதேசுவரன் மலையில் சோலிகர்கள், காட்டை மூடி வளரும் உன்னிச்செடியை வெட்டி நாற்காலியும் மேசையும் செய்கிறார்கள். காட்டுக்கு ஆகாததை எடுத்துக் காசாக்கும் இந்தத் தொழில், சந்தனத் தொழிலுக்கு நேர் எதிரானது என்பதால் எனக்கு மிகவும் பிடிக்கும்.

2025 ஜூனில் இதே மலைக்காட்டில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் நஞ்சுண்டு இறந்து கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடலில் மருந்து வைத்திருந்தார்கள். செய்தி வெளியானதும் நாடு முழுவதும் கோபம் எழுந்தது; எழ வேண்டியதுதான். மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு என்ற பேச்சும் உடனே வந்தது. மாட்டை இழந்தவனுக்கு இழப்பீடு எத்தனை நாளில் கை சேர்கிறது என்ற கேள்வி அந்தக் கோபத்தில் கேட்கவே இல்லை. சஃபாரி வண்டியில் வருகிறவர் காண விரும்புவது புலியை. அந்தப் புலி பிழைத்திருப்பது, வண்டி கடந்துபோகும் தொழுவத்துக்காரனின் பொறுமையால். நுழைவுக் கட்டணத்தில் அவனுக்கென்று ஒரு பங்கு எழுதப்படாதவரை அந்தப் பொறுமையை நாம் கேட்பது முறையாகாது.

முகாமின் பெயரை மாற்றச் சொல்லி எழுத எண்ணியிருக்கிறேன். சீனிவாஸ் பெயரை வைக்கலாம். வழிகாட்டிகளை இந்த ஊரிலிருந்தே எடுத்து, வெட்டிய மரங்களையும் விழுந்த அதிகாரியையும் சொல்வதோடு, பட்டறையில் கிடந்தவர்களையும் சொல்ல விட வேண்டும். நண்பர்கள் அங்கே போவதானால் வீட்டைத் தேடாமல் மாரியம்மன் கோயிலுக்கு முதலில் போங்கள். சீனிவாஸைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் உட்காரச் சொல்லிப் பேசுவார்கள்.