அடைக்கோழியோடு ஒரு நீண்ட மல்லுக்கட்டு

நேத்து வரைக்கும் ஒழுங்கா முட்டை வச்ச கோழி, திடீர்னு கூட்டை விட்டு எந்திரிக்க மாட்டேங்குதா? கிட்டப் போனா இறகெல்லாம் சிலிர்த்துக்கிட்டு 'கொர்ர்'னு உறுமுதா? கையை நீட்டினா ஒரு கொத்து. நாளுக்கு ஒருதடவை எந்திரிச்சு அவசரமா ரெண்டு வாய் தின்னுட்டு, குடலைப் புரட்டுற நாத்தத்தோட பெரிசா ஒரு எச்சம் போட்டுட்டு, மறுபடி போய் உக்காந்துக்கும். நெஞ்சுல இறகு போய் வெறுந்தோல் தெரியும். சில ஊர்ல அடைன்னு சொல்வாங்க, சில ஊர்ல அவயம். அடியில முட்டை இருக்கணும்னு கூட இல்லை, வெறும் வைக்கோல்லயே தவம் கிடக்கும்.

இந்தத் தவத்தைக் கலைக்க மனுசன் பட்ட பாடு இருக்கே, அது பெரிய கதை!

21 நாள் அடை, அப்புறம் பல வாரம் குஞ்சுகளோட அலைச்சல். அதுவரைக்கும் முட்டை கிடையாது. மனுசனுக்கோ முட்டையும் வேணும், குஞ்சும் வேணும். முதல்ல வழி கண்டுபிடிச்சவங்கள்ல எகிப்துக்காரங்க முக்கியமானவங்க. அங்க சாணக் குவியல்ல முட்டையைப் புதைச்சுப் பொரிக்கிறதை அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கார். பிறகு மண் செங்கல்ல பெரிய பெரிய அடுப்புக் கூடங்கள் கட்டினாங்க. தெர்மாமீட்டர் ஏது? முட்டையை எடுத்துக் கண் இமையில வச்சு சூடு பார்ப்பாங்களாம். அந்த நாட்டு ஃபயூமி கோழி அவ்வளவு சீக்கிரம் அடைக்கு உக்காராது. தலைமுறை தலைமுறையா அடுப்பே தாயா இருந்ததுதான் காரணம்னு எனக்குத் தோணுது.

பிரான்ஸ்ல ரியோமூர் அந்த அடுப்புகளை ஆராய்ஞ்சு 1749ல புத்தகமே போட்டார். 1879 வாக்குல கலிபோர்னியாவின் பெட்டலூமாவுல லைமன் பைஸ் இன்குபேட்டர் செஞ்சு விற்க ஆரம்பிச்சார். தாய்க்கோழிக்கு வேலை போச்சு. அதுவரைக்கும் குணமா இருந்த அடை, பண்ணைக்காரர் கணக்குல நஷ்டமா மாறிடுச்சு. வெள்ளை லெகான் மாதிரி அடை படுக்காத இனங்களுக்கு யோகம். ரோட் ஐலண்ட் ரெட் மாதிரி அடிக்கடி உக்கார்ற இனத்துல அந்தக் குணத்தையே களையெடுக்கப் பார்த்தாங்க. மாசசூசெட்ஸ்ல கூடேல் குழுவினரும், இங்கிலாந்துல புன்னெட்டும் (பள்ளிக்கூடத்துல படிச்ச அந்தப் புன்னெட் கட்டம், அவரேதான்) பெய்லியும் 1920ல ஆளுக்கொரு கட்டுரை வெளியிட்டாங்க.

ஆனா கோழி ஏன் உக்காருதுங்கிற ரகசியத்துல பாதி 1935லதான் வெளிய வந்துச்சு. ஆஸ்கர் ரிடில் குழுவினர் முட்டையிடுற கோழிகளுக்கு புரோலாக்டின் ஊசி போட்டாங்க, அதுங்க அடைக்கு உக்காந்துருச்சு! பாலூட்டிகளுக்குப் பால் சுரக்க வைக்கிற அதே ஹார்மோன். பால் கொடுக்காத கோழியையும் தாயாக்குறது அதுதான். இந்தக் கதையிலயே என்னைக் கொஞ்ச நேரம் சும்மா உக்கார வச்ச இடம் இது.

இது தெரிஞ்சா நம்மூர் வைத்தியங்களையும் எடை போடலாம். தண்ணியில முக்குறது, மூக்குல இறகைச் செருகுறது... ரெண்டாவது சுத்தக் கொடுமைங்க, விட்டுடுங்க. வயித்துல கூட்டோட ஸ்பரிசம் படப்படத்தான் அந்த ஹார்மோன் குறையாம இருக்கும். கூட்டைப் பறிச்சா மளமளன்னு இறங்கிடும். அதனால அடியில கம்பிவலை போட்ட கூண்டைத் தரையிலேர்ந்து தூக்கி வச்சு, வைக்கோல் எதுவும் போடாம, வெளிச்சம், தீனி, தண்ணியோட மூணு நாலு நாள் விடுங்க. உக்காந்த ஒண்ணு ரெண்டு நாள்லயே கவனிச்சா சீக்கிரம் தெளியும். நாள் கடந்த கோழின்னா இன்னும் கொஞ்சம் இழுக்கும். முட்டையை தினமும் எடுத்துடுறதும் நல்லது.

எல்லாத்தையும் தெளிய வச்சிடாதீங்க. லெகான் முட்டையைப் பொரிக்கவும் வீட்டுல நாட்டுக்கோழிதான் வேணும். சதைப்பிடிப்பா இருக்கிற ஒண்ணுக்கு, ராத்திரி நேரத்துல சத்தமில்லாம பத்து பன்னிரண்டு முட்டை வச்சு விடுங்க.