அவர், அவன்: தமிழ்த் துப்பறியும் நாயகர்களும் ஒரு விகுதியின் வரலாறும்

மர்ம நாவல்களை விரும்பிப் படித்தவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு விரைவில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். சங்கர்லாலா, கணேஷா, விவேக்கா? யார் மதிநுட்பம் மிக்கவர், யார் அஞ்சாதவர் என்னும் இவ்வொப்பீட்டை நம் இலக்கிய வரலாற்று நூல்கள் பொருட்படுத்துவதில்லை. அந்நாவல்களுக்கே அவை ஒரு பத்திக்கு மேல் இடம் தருவது அரிது. ஆயினும் மொழியியல் நோக்கில் இக்கேள்வி ஆராயத் தக்கது. தமிழில் ஒரு நாயகனின் வலிமை, அவனுடைய கைத்துப்பாக்கியில் தெரிவதற்கு முன்பே வினைமுற்றின் விகுதியில் தெரிந்துவிடுகிறது. இவ்வுரையில் நாம் விளக்க முனைவது இதனையே.

ஆங்கிலத்தில் 1953-இல் இயன் ஃபிளெமிங் அறிமுகப்படுத்திய ஜேம்ஸ் பாண்டுக்கும், 1997-இல் லீ சைல்டு அறிமுகப்படுத்திய ஜாக் ரீச்சருக்கும், அவர்கள் துரத்தும் கொலையாளிக்கும் படர்க்கைப் பெயர் ஒன்றே. அம்மொழியின் இலக்கணம் அவர்களுள் உயர்வு தாழ்வு காட்டுவதில்லை. தமிழில் எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. கதவைத் திறந்து நாயகன் உள்ளே நுழைந்ததும், ‘வந்தான்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் அமைந்த உயர்சொல்லே அன்றி இலக்கண நெறிப்பட்டதன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுத்தார். எனவே இந்தத் தேர்வு வழக்கைச் சார்ந்தது. வழக்கோ சமுதாயத்தைச் சார்ந்தது.

துப்பறிதல் நமக்கு மேலைநாட்டார் கற்பித்த தொழிலன்று. திருக்குறளின் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஐயம் எழாத தோற்றமும், நேருக்கு நேர் நோக்கினாலும் கலங்காத கண்ணும், எந்நிலையிலும் மறை வெளிப்படுத்தாத உறுதியும் ஒற்றனுக்கு வேண்டும் என்கிறார் வள்ளுவர். துறவி வேடம் பூண்டு சென்று, பிடிபட்டு எத்துன்பம் நேரினும் சோர்வடையாதவனே ஒற்றன் என்றும் கூறுகிறார். ‘துப்பு’ என்னும் சொல்லும் பழந்தமிழில் வலிமையைக் குறித்தது. இன்று குற்றத்தின் தடயத்தைக் குறிக்கிறது.

துப்பறியும் கதை என்னும் வடிவம் மட்டும் அச்சு ஊடகத்தோடு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஜே. ஆர். ரங்கராஜு ‘ராஜாம்பாள்’ முதலிய நாவல்களில் துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். ஆரணி குப்புசாமி முதலியார் மேலைநாட்டுக் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைத் தந்தார். வள்ளுவர் கூறிய துறவி வேடம் இங்கே நாயகனின் பெயராகவே அமைந்துவிட்டதைக் காண்கிறோம். அன்றியும் ‘சாமியார்’ என்னும் சொல்லின் இறுதியிலேயே மரியாதை விகுதி உள்ளது. அவரை ‘வந்தான்’ என்று எழுத எவருக்கும் கை வராது. 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அக்கதையைப் படமாக்கியபோது எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார். அக்கால நாயகனின் ஆற்றல் உடல் வலிமையைவிட உருமாற்றத்திலேயே அடங்கியிருந்தது.

இடையில் 1940-களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு, வீர நாயகன் என்னும் கருத்தையே கேலி செய்தது. வங்கிக் குமாஸ்தாவாக இருந்த சாம்புவுக்கு மதிநுட்பமும் இல்லை, துணிவும் இல்லை. அதிர்ஷ்டம் மட்டுமே உண்டு. ஒரு வகைமையைப் பகடி செய்ய வேண்டுமானால் வாசகர் அதனை முன்பே நன்கு அறிந்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்குள் அந்த அறிமுகம் தமிழ் வாசகரிடையே வேரூன்றிவிட்டது என்பதற்குச் சாம்புவே சான்று.

கல்கண்டு இதழின் ஆசிரியர் தமிழ்வாணன் படைத்த சங்கர்லாலோடு விகுதியின் வரலாறு தெளிவாகத் தொடங்குகிறது. சங்கர்லால் வருவார், சிரிப்பார், தேநீர் அருந்திச் சிந்திப்பார். ஆசிரியர் எங்கும் அவரை ஒருமையில் குறிப்பதில்லை. அவர் பெர்லினுக்கும் பாரிசுக்கும் செல்வார். எங்குச் சென்றாலும் ஆங்கிலச் சொற்கள் இயன்றவரை தவிர்க்கப்பட்ட தமிழிலேயே கதை நடக்கும். நாயகனின் பெயர் வடநாட்டுச் சாயலுடையது. கதையின் நடையோ தூய தமிழ். உலக நகரங்களைத் தமிழில் சொல்ல முடியும் என்னும் நம்பிக்கையை ஊட்டியதே இந்நாவல்களின் பெரும்பணி எனலாம். தமிழ்வாணன் முழங்கிய ‘துணிவே துணை’ என்னும் தொடரும் வாசகர் நாவில் நிலைத்தது.

1968-இல் குமுதத்தில் சுஜாதா ‘நைலான் கயிறு’ தொடரை எழுதினார். வழக்கறிஞர் கணேஷ் அதில் அறிமுகமானான். பின்னர் வஸந்த் வந்து சேர்ந்தான். நாமும் இங்கே ‘அறிமுகமானான்’ என்று எழுத நேர்வதே மாற்றத்தைக் காட்டும். ஆசிரியர் இருவரையும் ‘அவன்’ என்றே சுட்டுகிறார். எனினும் மரியாதை மறைந்துவிடவில்லை. கதை சொல்பவரின் வாக்கியத்தை விட்டு உரையாடலுக்குள் குடிபெயர்ந்தது. வஸந்த் கணேஷை ‘பாஸ்’ என்று அழைக்கிறான். கணேஷ் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறான். நாயகன் வாசகருக்கு மேலே நிற்கும் பெரியவர் என்ற நிலை மாறி, வாசகரின் வயதொத்த நண்பன் ஆனான். வாக்கியங்களும் சுருங்கின. எச்சங்களை அடுக்கிச் செல்லும் நீண்ட தொடர்களின் இடத்தில் குறுந்தொடர்களும் பேச்சு வழக்கும் வந்தன.

1980-களில் மாத நாவல்கள் பெருகியபோது ‘அவன்’ நிலைபெற்றது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ராஜேஷ்குமார் விவேக்கையும் ரூபலாவையும், பட்டுக்கோட்டை பிரபாகர் பரத்தையும் சுசீலாவையும், சுபா என்ற பெயரில் எழுதும் இரட்டையர் நரேந்திரனையும் வைஜயந்தியையும் படைத்தனர். இங்கே ஒரு விளைவைக் கவனிக்க வேண்டும். நாயகன் ‘அவர்’ ஆகவும் பெண் ‘அவள்’ ஆகவும் இருக்கும் நடையில் இருவரும் ஒரே படியில் நிற்க இயலாது. நாயகன் ‘அவன்’ ஆன பின்னரே, உடன் துப்பறியும் பெண் இலக்கண அளவிலேனும் அவனுக்கு இணையானாள். சுசீலாவும் வைஜயந்தியும் தொழிற்கூட்டாளிகளாக அமைந்ததற்கு இவ்விகுதி மாற்றம் காரணம் என்று நாம் வாதிடவில்லை; அதற்கு அது வழிவிட்டது என்பதில் ஐயமில்லை.

இவ்வரலாற்றில் நம் மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. லண்டனில் நிகழும் சுஜாதாவின் ‘ப்ரியா’, 1978-இல் ரஜினிகாந்த் கணேஷாக நடிக்கத் திரைப்படமானபோது, கதைக்களம் சிங்கப்பூருக்கு மாறியது. திரைக்கு வெளியிலும் தொடர்பு இருந்தது. தமிழகத்திலிருந்து வந்த வார இதழ்களும் மாத நாவல்களும் இங்குள்ள வாசகரிடம் கைமாறிக் கைமாறிச் சென்றன. பாடநூல் முடிந்த பின்னும் ஒருவர் தமிழெழுத்தைத் தாமாகவே நாட வேண்டுமானால், அடுத்த பக்கத்தில் என்ன நேருமோ என்னும் ஆவல் வேண்டும். அந்த ஆவலைத் தந்தவை இந்நாவல்கள்.

மலிவான தாளில் அச்சிட்டு, படித்த பின் எடைக்குப் போடப்பட்டவை அவை. அவற்றோடு அவற்றைப் பற்றிய பேச்சும் மறைந்து வருகிறது. நாயகர்களை ஒப்பிட்டு வாதிடும் இளைஞர் இன்றும் உள்ளனர். பெரும்பாலும் ரீச்சரைப் பற்றி, ஆங்கிலத்தில். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. அந்த வாதத்தைத் தமிழில் நிகழ்த்தும் வாய்ப்பை நாம் அவர்களுக்கு அளிக்கலாம்.

ஆசிரியர்கள் முன் எளிய பயிற்சி ஒன்றை வைக்கிறோம். மாணவர் தமக்குப் பிடித்த நாயகன் ஒருவன் தோன்றும் காட்சியைத் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். முதலில் ‘அவர்’ என்றும், பிறகு அதே காட்சியை ‘அவன்’ என்றும். விகுதி மாறியதும் உரையாடலில் எது மாறியது, அருகில் நிற்கும் பெண் எப்படித் தோன்றினாள், எந்த நாயகனோடு நடந்து செல்ல மனம் விரும்பியது என்று அவர்கள் தமக்குள் வாதிடட்டும். தொல்காப்பியர் கண்ட உயர்சொல்லை விளக்க இதைவிட எளிய வாயிலை நாம் அறியோம்.