மேகத்துக்குள் நடந்த பந்தயம்

வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலும் பெனைன் மலைத்தொடரிலும், மரங்களின்றிப் புல்லும் புதரும் மட்டும் படர்ந்து, பெரும்பாலும் வேலியில்லாத மேய்ச்சல் வெளியாகக் கிடக்கும் குன்றுகளை அப்பகுதி மக்கள் ‘ஃபெல்’ என்று அழைக்கின்றனர். அக்குன்றுகளின் மீது, போட்ட பாதை எதையும் நம்பாமல், ஏறியும் இறங்கியும் ஓடும் பந்தயத்துக்கு ஃபெல் ஓட்டம் என்று பெயர். உயரத்தைக் கொண்டு பார்த்தால் இவை பெரிய மலைகள் அல்ல. இங்கிலாந்திலேயே உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர் மட்டுமே. இவ்வோட்டத்தைக் கடினமாக்குவது உயரத்தைவிட நிலமும் வானிலையும்தான். அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இக்குன்றுகளில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மேகமாகி, ஆண்டின் பல நாட்கள் உச்சிகளை மூடிக்கொள்கிறது. ஸ்காஃபெல் பைக்கின் வடபுறம் அமைந்த சீத்வெயிட் என்னும் சிற்றூரில் ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அந்த நீர், பழங்காலப் பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண்ணையும் அதற்கடியிலுள்ள கடும்பாறையையும் ஊடுருவ முடியாமல் சரிவின் தட்டையான இடங்களிலெல்லாம் தேங்கிவிடுகிறது. தேங்கிய நீருக்குள் காற்றுப் புகாததால் இறந்த தாவரங்கள் முழுதாக மட்காமல், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் படிந்து, ‘பீட்’ என்னும் கரிய சதுப்பு மண்ணாகின்றன. முழங்கால் வரை காலை இழுத்துக்கொள்ளும் அம்மண்ணின் மீது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டத்துக்குள், திசை தவறாமல் விரைவது எப்படி என்ற அறிவே ஃபெல் ஓட்டத்தின் அடிப்படை. அந்த அறிவு விளையாட்டுக்காகப் பிறந்ததன்று, இடையர்களின் தொழிலிலிருந்து வந்தது.

ஏரி மாவட்டத்து ஹெர்ட்விக் இனச் செம்மறிகள் வேலியில்லாத குன்றிலும் தத்தமக்குரிய மேய்ச்சல் எல்லையை விட்டு அகல்வதில்லை. தாயோடு மேயும் குட்டி அந்த எல்லையைத் தாயிடமிருந்தே கற்றுக்கொள்வதால், ஒரு பண்ணையின் மந்தை தலைமுறை தலைமுறையாக அதே சரிவில் மேய்கிறது. இவ்வாறு இடத்தோடு பிணைந்த மந்தைக்கு ‘ஹெஃப்ட்’ ஆனது என்பர். ஆயினும் குட்டி ஈனும் பருவத்துக்கு முன்பும், கோடையில் மயிர் கத்தரிப்பதற்கும், இலையுதிர் காலத்தில் கிடாய் சேர்ப்பதற்கும் மந்தையைக் கீழே இறக்கியாக வேண்டும். அந்த நாட்களில் மேகம் விலகட்டும் என்று எப்போதும் காத்திருக்க இயலாது. ஆகவே இடையரும் அவருடைய நாய்களும் மூட்டத்துக்குள் ஏறி, கல்சுவர், ஓடை, ஆடுகள் மிதித்து உண்டாக்கிய ஒற்றையடித் தடம் ஆகியவற்றையே வழிகாட்டியாகக் கொண்டு ஆடுகளைத் திரட்டினர். பளிச்சென்ற பச்சை நிறத்தில் ஸ்பாக்னம் பாசி பரந்திருக்கும் இடம் கால் வைத்தால் அமிழும் என்பதும், ஹெதர் என்னும் குறும்புதர் அடர்ந்த இடம் ஒப்பளவில் காய்ந்தது என்பதும், கோரைப்புல் முளைத்த பள்ளத்துக்கடியில் நீர் ஓடுகிறது என்பதும் அவர்களுக்கு நாள்தோறும் பயன்பட்ட செய்திகள். இன்றைய ஓட்டக்காரரும் இதே குறிகளைத்தான் படிக்கிறார்.

குன்றேறி ஓடுவதைப் பந்தயமாக்கிய பழமை ஸ்காட்லாந்துக்குரியது என்பது மரபு. பதினோராம் நூற்றாண்டு மன்னர் மூன்றாம் மால்கம், விரைவான தூதரைத் தேர்ந்தெடுக்க ப்ரேமாரில் உள்ள குன்றொன்றின் மீது வீரர்களை ஓடவிட்டார் என்னும் கதை அங்கு வழங்குகிறது. ஆவணங்களின் துணையோடு பேசத்தக்க வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது. இரயில் பாதை வந்தபின் ஏரி மாவட்டத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் பெருகினர். அவர்களைக் குன்றுகளுக்கு அழைத்துச் சென்ற உள்ளூர் வழிகாட்டிகளின் பெயரால், கிராஸ்மியர் ஊர் விளையாட்டு விழாவில் 1868இல் ‘வழிகாட்டிகள் பந்தயம்’ தொடங்கியது. கம்பர்லாந்து மல்யுத்தமும், இழுத்துச் சென்ற வாசனைத் தடத்தை முகர்ந்து வேட்டை நாய்கள் ஓடும் போட்டியும் நடந்த அதே விழாவில், விழாத் திடலிலிருந்து புறப்பட்டு, எதிரே எழும் பட்டர் கிராக் பாறைமுகட்டின் கொடியைச் சுற்றித் திடலுக்கே திரும்பும் இந்த ஓட்டம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இடையர்களும் கல்குவாரித் தொழிலாளர்களும் வேட்டைக் காவலர்களும் இதில் ஓடினர். வென்றவருக்குப் பணம் கிடைத்தது; பார்த்தவர்கள் பந்தயம் கட்டினர்; தரகர்கள் திடலோரத்தில் நின்று அப்பணத்தைப் பிடித்தனர்.

இந்த ஓட்டத்தின் வடிவத்தை அந்தப் பணமே தீர்மானித்தது என்பது கவனிக்கத்தக்கது. பணம் கட்டியவர் தம் ஆளைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணால் காண வேண்டும் என்பதால், ஓட்டம் குறுகியதாகவும் செங்குத்தானதாகவும் திடலிலிருந்து தெரிவதாகவும் அமைந்தது. அதற்குள் வளர்ந்த திறமை வியப்புக்குரியது. கெஸ்விக்கைச் சேர்ந்த வேட்டைக் காவலர் எர்னஸ்ட் டால்செல் 1910இல் யார்க்‌ஷயரின் பர்ன்சால் குன்றை 12 நிமிடம் 59.8 வினாடியில் ஏறி இறங்கியதாகப் பதிவானது. அந்நேரத்தை நம்ப மறுத்தவர்களும் உண்டு, ஆனால் 1977இல் ஃபிரெட் ரீவ்ஸ் ஓடும்வரை அது முறியடிக்கப்படவில்லை. கால்ட்பெக்கின் இடையர் பில் டீஸ்டேல் கிராஸ்மியரில் 11 முறை வென்றார். இவ்வளவு திறமை வாய்ந்தவர்கள் பணம் பெற்றார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, 1880இல் நிறுவப்பட்ட அமெச்சூர் தடகளச் சங்கத்தின் விதிகள் அவர்களை அமெச்சூர் பந்தயங்கள் எல்லாவற்றிலிருந்தும் விலக்கி வைத்தன. கூலிவேலை செய்து பிழைத்த ஒருவர் சில பவுண்டு பரிசை ஏற்றது விளையாட்டின் தூய்மையைக் கெடுத்துவிடும் என்று கருதிய அந்த விதி, நடைமுறையில் வசதியுள்ளோருக்கும் உழைப்போருக்கும் இடையே எழுப்பிய சுவராகவே இருந்தது. அதை நியாயம் என்று சொல்வதற்கில்லை.

அமெச்சூர் தரப்பில் வேறொரு வகை ஓட்டம் வளர்ந்தது. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியத்தில் வில்லியம் ஸ்வான் 1895இல் 1,345 மீட்டர் உயரமான பென் நெவிஸ் மலைக்கு ஊரிலிருந்து ஏறி 2 மணி 41 நிமிடத்தில் திரும்பியதும், 1898இல் அங்கு முதல் பந்தயம் நடந்ததும் இதற்கு முன்னோடிகள். ஆனால் மூட்டத்தை ஓட்டத்தின் உட்கூறாகவே ஏற்றுக்கொண்டது, 1952இல் தொடங்கிய ஏரி மாவட்ட மலைச் சோதனைப் போட்டி எனலாம். இதில் கொடி நட்ட தடம் கிடையாது. ஓட்டக்காரர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராகப் புறப்பட்டு, வரைபடத்தில் குறித்த சாவடிகளைத் தாமே தேடிக் கண்டடைய வேண்டும். 1962ஆம் ஆண்டுப் போட்டியில் வானிலை எவ்வளவு கொடியதாக இருந்ததென்றால், ஓட்டத்தை முடித்தவர் ஒரே ஒருவர்தான். 1954இல் யார்க்‌ஷயரில் தொடங்கிய முச்சிகரப் பந்தயத்தின் முதல் ஆண்டில் ஆறு பேர் ஓடி மூவர் முடித்தனர். தொழில்முறை ஓட்டக்காரர் ஆயிரம் கண்களுக்கு முன் ஓட, அமெச்சூர் ஓட்டக்காரரோ யாரும் காணாத மேகத்துக்குள் மணிக்கணக்கில் ஓடினார். இரு மரபுகளையும் பிரித்தது பணம் என்றே நூல்கள் கூறுகின்றன. பார்வைக்குள் ஓடுவதா, பார்வைக்கு அப்பால் ஓடுவதா என்பதே அவற்றுக்கிடையில் இருந்த ஆழமான வேறுபாடு என்று கொள்வது பொருந்தும்.

பார்வைக்கு அப்பால் ஓடுவதில் உயிருக்கு ஆபத்து உண்டு. வியர்வையாலும் சதுப்பு நீராலும் நனைந்த உடலைக் காற்று தாக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் வரை காக்கும் உடல்வெப்பம், கால் சுளுக்கியோ வழி தவறியோ நின்றுவிட்ட சில நிமிடங்களிலேயே சரியத் தொடங்குகிறது. நடுக்கத்தைத் தொடர்ந்து குழப்பம் வருவதால், பாதிக்கப்பட்டவர் தம் நிலையை உணரும் திறனையே இழக்கிறார். 1957ஆம் ஆண்டு பென் நெவிஸ் பந்தயத்தில் ஓர் ஓட்டக்காரர் குளிரால் மாண்டார். பின்னாளிலும் அத்தகைய மரணங்கள் நேர்ந்தன. 1970இல் உருவான ஃபெல் ஓட்டக்காரர் சங்கத்தின் விதிகளில் இந்த இழப்புகளின் சுவடு உண்டு. மழை தாங்கும் மேலங்கியும் காற்சட்டையும், தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, ஊதல், அவசர உணவு ஆகியவற்றைச் சுமப்பதும், புறப்பட்டவர்களையும் திரும்பியவர்களையும் எண்ணிச் சரிபார்ப்பதும் வழக்கமாயின. ஓட்டத்தைப் பாதியில் விட்டவர் தம் வருகையை அறிவிக்காமல் வீடு திரும்பக்கூடாது என்ற விதி மிகக் கடுமையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது, ஏனெனில் அவரைத் தேடி மீட்புக் குழுவினர் இரவெல்லாம் மூட்டத்தில் அலைய நேரிடும். கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டருக்குக் குறையாத ஏற்றமுள்ள பந்தயம் ‘ஏ’ வகை என்றும், 20 கிலோமீட்டருக்குக் குறையாதது நெடும்பந்தயம் என்றும் சங்கம் வகுத்தது. 2008 அக்டோபரில் பாரோடேலில் ஏறத்தாழ 2,500 பேர் பங்கேற்ற இருநாள் மலைப்போட்டி புயலால் கைவிடப்பட்டபோது, நூற்றுக்கணக்கானோர் காணாமற்போனதாகச் செய்தி நிறுவனங்கள் அலறின; ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் தம் கூடாரத்திலோ, கிட்டிய கொட்டகையிலோ ஒதுங்கித் தம்மைத் தாமே காத்துக்கொண்டிருந்தனர், உயிரிழப்பு ஒன்றும் நேரவில்லை.

பெண்களுக்கு இந்த ஓட்டங்கள் நெடுங்காலம் மறுக்கப்பட்டன. 1955இல் 16 வயதான கேத்லீன் கொனொக்கி, பென் நெவிஸ் பந்தயத்தில் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்படாமல், ஆண்கள் புறப்பட்ட பின் ஓடித் திரும்பினார். பணம் பெற்று ஓடியவர்கள் மீதான தடையும் மெல்லத்தான் தளர்ந்தது. பணப் பந்தயங்களில் முன்னணியில் இருந்த தோட்டக்காரர் கென்னி ஸ்டூவர்ட் 1980களின் தொடக்கத்தில் அமெச்சூர் தகுதி பெற்று, 1984இல் பென் நெவிஸ் மலையை 1 மணி 25 நிமிடம் 34 வினாடியில் ஏறி இறங்கியபோது, அதுவரை எத்தகைய வீரர்கள் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

பரிசோ எதிராளியோ இல்லாத ஓட்டமொன்றும் இம்மரபில் உண்டு. கெஸ்விக்கில் விருந்தினர் விடுதி நடத்திய பாப் கிரகாம், 1932 ஜூனில் 24 மணி நேரத்துக்குள் 42 சிகரங்களைத் தொட்டு ஊர்மன்றத்துக்குத் திரும்பினார். 1960இல் ஆலன் ஹீட்டன் மறுபடி செய்துகாட்டும்வரை பலர் அதை நம்பவில்லை. வாஸ்டேல் இடையரான ஜாஸ் நெய்லர், தம் முதல் போட்டியில் வேலைக்குப் போடும் பூட்சுடன் ஓடியவர், 1975இல் அதே 24 மணி நேரத்தில் 72 சிகரங்களைக் கடந்தார். பாப் கிரகாமின் 42 சிகரச் சுற்றை முடித்ததாக ஏற்கப்பட வேண்டுமானால் ஒவ்வொரு சிகரத்திலும் உடன் ஒரு சாட்சி இருந்தாக வேண்டும் என்பது வழக்கம். அச்சாட்சிகளே இருட்டிலும் மேகத்திலும் சரியான தடத்தைக் காட்டுபவர்களாகவும், உணவு சுமப்பவர்களாகவும் இருப்பதால், நிலத்தைப் பற்றிய அறிவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஓடும்போதே கைமாறுகிறது. பாரோடேலின் கல்தச்சர் பில்லி பிளாண்ட் 1982இல் 13 மணி 53 நிமிடத்தில் இச்சுற்றை முடித்த சாதனையை, 2018இல் கட்டலோனியாவிலிருந்து வந்து முறியடித்த கிலியன் ஜோர்னெட்டும் உள்ளூர் ஓட்டக்காரர்கள் மாறிமாறி உடன் வர, அவர்கள் காட்டிய தடத்திலேயே ஓடினார்.