சாந்துக் கொட்டாங்குச்சியிலிருந்து ஷாம்பு பாக்கெட் வரை

நம் கூட்டமைப்பில் சீயக்காய்த் தூள், அரப்புத் தூள், நலங்கு மாவு, குளியல் சோப்பு செய்கிற குழுக்கள் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். எதில் போட்டு விற்பது? பிளாஸ்டிக் கவரில் போட்டால் பளபளன்னு இருக்கு, ஆனால் மனசு ஒப்பவில்லை. காகிதத்தில் போட்டால் "இது என்னம்மா, விபூதிப் பொட்டலம் மாதிரி இருக்கு" என்று சந்தையில் கேட்கிறார்கள். மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று தலைவி அக்கா சொன்னதும், இந்த உறையின் கதையையே எழுதலாம் என்று தோன்றியது.

எங்க ஆயா காலத்தில் அழகுப் பொருளுக்கு உறை என்று தனியாக ஒன்று கிடையாது. பிள்ளைக்கு வைக்கிற சாந்து வீட்டிலேயே செய்வாங்க. ஜவ்வரிசியைக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, கூழானதும் கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காய விடுவாங்க. வேண்டும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்து எடுத்துப் பொட்டு வைப்பாங்க. தேங்காய் சட்டினிக்குப் போன பிறகு மிஞ்சின ஓடுதான் சாந்து டப்பா. சாந்து தீர்ந்தால் ஓடு அடுப்புக்குப் போகும். கண்மைக்கு விளக்கெண்ணெய் விளக்கின் புகையைத் தட்டில் பிடித்து, பித்தளைச் சிமிழில் அடைத்து வைப்பாங்க. அந்தச் சிமிழ் அம்மாவிடமிருந்து மகளுக்கு வரும். மஞ்சள் கிழங்குக்கு உறையே வேண்டாம், குளிக்கிற கல்லில் உரசினால் போதும். தலைக்கு எண்ணெய் வாங்கக் கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி பாட்டில் செக்குக்குப் போய்த் திரும்பும். சீயக்காயைப் பழைய நோட்டுத் தாளில் பொட்டலம் கட்டி வாங்கியாருவாங்க.

அப்புறம் கடைச் சாமான் வந்தது. அப்போதும் டப்பா வீணாகவில்லை. பவுடர் டின் காலியானால் மூடியில் ஒரு வெட்டு வெட்டிப் பிள்ளைகளுக்கு உண்டியல். மைசூர் சாண்டல் சோப்பு வந்த அட்டைப் பெட்டியைப் புடவை அடுக்கின் நடுவில் வைப்போம், வாசனைக்கு. என் பெட்டியில் இன்னமும் ஒன்று கிடக்கிறது.

மாற்றம் கடலூரிலிருந்து வந்தது. அங்கே சின்னி கிருஷ்ணன் என்பவர் எப்சம் உப்பு, முகப் பவுடர் போன்றவற்றைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போட்டு விற்றார். பணக்காரர் பயன்படுத்துவதைக் கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் பிள்ளைகள் வெல்வெட் என்ற பெயரில் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் பிரிந்து போய், 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொடங்கினார். 'சிக்' என்பது அப்பா பெயரின் சுருக்கம். இன்றைய கெவின்கேர் நிறுவனம் அதுதான்.

இந்தப் பாக்கெட்டைக் குறை சொல்வது சுலபம். ஆனால் ஒரு பெரிய பாட்டில் ஷாம்பு வாங்கக் காசில்லாத வீட்டில் ஒரு ரூபாய் பாக்கெட் என்ன சந்தோஷம் தந்தது என்று நமக்குத் தெரியும். நம் மகளிர் குழுக்களும் இதே காலத்துப் பிள்ளைகள்தான். 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் முதன்முதலாகக் குழுக்கள் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில். அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு இருந்தது. வாரம் கொஞ்சம் காசு சேர்த்தால் போதும் என்று குழு சொன்னது. அன்றைக்கு இருக்கிற காசுக்கு வாங்கினால் போதும் என்று பாக்கெட் சொன்னது. இரண்டும் சில்லறைக் காசை நம்பி வந்தவை. குழுவில் போட்டது சேர்ந்து வீடு, மாடு, பிள்ளை படிப்பு என்று ஆனது. பாக்கெட்டில் சேர்ந்தது குப்பை.

ஆனால் ஒரு சேதி. சிக் ஷாம்பு வளர்ந்த காலத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். ஐந்து காலிப் பாக்கெட் கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். முதலில் எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட் ஆனாலும் வாங்கினார்கள், பிறகு சிக் மட்டும் என்றார்கள். அவர்கள் செய்தது வியாபாரத்துக்கு, சுற்றுச்சூழலுக்கு இல்லை. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள், அந்தக் கொஞ்ச நாளைக்குக் காலிப் பாக்கெட்டுக்கு ஒரு விலை இருந்தது, அதனால் அது கடைக்குத் திரும்பி வந்தது. திட்டம் முடிந்ததும் அது தெருவில் கிடந்தது.

ஒகேனக்கல்லுக்கு ஆடிப் பதினெட்டுக்குப் போய்ப் பாருங்கள். எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அருவியில் குளிக்கிற இடத்தில் பாறை இடுக்கெல்லாம் ஷாம்பு, சீயக்காய் பாக்கெட். காவிரி நம் மாவட்டத்துக்குள் வந்ததும் முதலில் சுமக்கிறது இதைத்தான்.

பழைய சாமான் கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்வார், பவுடர் டப்பாவை எடுத்துக்கொள்வார். ஷாம்பு பாக்கெட்டை மட்டும் கையால் தொட மாட்டார். தண்ணீர் பாட்டில் ஒரே வகைப் பிளாஸ்டிக். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும். அதைத் துண்டாக்கி, கழுவி, உருக்கி மறுபடி பாட்டிலோ நூலோ செய்யலாம். ஷாம்பு டப்பாவில் பெரும்பாலும் 2 என்று இருக்கும், அதுவும் உருகும். பாக்கெட் அப்படி இல்லை. இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக்கை, சிலதில் நடுவில் அலுமினியத் தாளையும் வைத்து, ஒட்டிச் செய்தது. ஒட்டினதைப் பிரிக்க முடியாது. எடையும் இல்லை, ஒரு கிலோ சேர்க்க ஊரையே பெருக்க வேண்டும்.

மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைத் துண்டாக்கித் தாரோடு கலந்து ரோடு போடும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த ரோட்டுக்குப் பிளாஸ்டிக் அரைத்துக் கொடுத்ததில் மகளிர் குழுக்களுக்கும் பங்கு உண்டு. நல்ல வேலைதான். ஆனால் ரோடாகப் போனது மறுபடி உறையாகத் திரும்பி வராது. அடுத்த பாக்கெட்டுக்குப் புதுப் பிளாஸ்டிக்தான்.

சட்டமும் இதில் தடுமாறியிருக்கிறது. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு வருடத்தில் ஒழிக்க வேண்டும் என்று 2016-ல் மத்திய அரசு விதி போட்டது. 2018-ல் அதையே திருத்தி, வேறு எதற்கும் உதவாததாக இருந்தால்தான் ஒழிக்க வேண்டும் என்று இளக்கிவிட்டார்கள். எரித்தால் சூடு கிடைக்கிறதே, அதுவும் உதவிதான் என்று ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது நம் வீட்டுக் கைப்பை போனது, கடையில் தொங்கும் ஷாம்பு சரம் போகவில்லை. பிறகு 2022 பிப்ரவரியில் வந்த விதியில், 2025-26 முதல் கம்பெனிகள் தங்கள் உறையில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இவ்வளவு சேர்க்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள். கெட்டியான டப்பா, பாட்டிலில் 30 சதவீதம், மெல்லிய கவரில் 10, பல அடுக்குப் பாக்கெட்டில் 5. 2028-29-ல் இது 60, 20, 10 ஆக வேண்டும். பாக்கெட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்று பாருங்கள்.

உலகத்தில் யாரும் வேறு வழி செய்யவில்லையா என்றால், 1976-ல் இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற ஊரில் அனிதா ரோடிக் என்ற பெண் செய்தார். இரண்டு பிள்ளைகள், கணவர் தூர தேசப் பயணம் கிளம்புகிறார், கையில் 4,000 பவுண்டு கடன். அதில் கிரீமும் ஷாம்புவும் விற்க ஒரு கடை போட்டார். பெயர் பாடி ஷாப். வைக்க பாட்டில் போதவில்லை. ஆஸ்பத்திரியில் சிறுநீர் பரிசோதனைக்குக் கொடுக்கிற மலிவு பாட்டிலை வாங்கி நிரப்பினார். தீர்ந்தவர்கள் அதே பாட்டிலைக் கொண்டு வந்தால் மறுபடி ஊற்றிக் கொடுத்தார். காசில்லாததால் வந்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். நம் செக்குக்கடை பாட்டில் கதைதான், இங்கிலீஷ்காரம்மா பெயரில்.

இன்னொன்று பக்கத்திலேயே இருக்கிறது, சொன்னால் சிரிப்பீர்கள். நீலகிரியில் 2022-ல் உயர் நீதிமன்றம் சொன்னபடி, மது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் தந்தார்கள். உடைந்த பாட்டில் காட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்பதால் வந்த ஏற்பாடு. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவர் ஞாபகம் வைத்துத் தராவிட்டாலும் வேறு யாராவது பொறுக்கி வந்து கொடுத்துவிடுகிறார்கள்.

இதை வைத்து நம் பொருளுக்கு என்ன செய்யலாம் என்று என் கருத்தைச் சொல்கிறேன். பழைய செய்தித்தாள் வேண்டாம். அதன் மையில் உடம்புக்கு ஆகாத பொருள் இருப்பதால் சாப்பாட்டுப் பொருளையே அதில் கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் சொல்லியிருக்கிறது. முகத்தில் பூசுகிற மாவுக்கும் அதே கணக்குதான். வெளிப்பெட்டிக்கு வேண்டுமானால் ஆகும். சோப்புக்குப் பழந்துணியில் செய்த கைக்காகிதம் பொருத்தம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளி, அழுத்திக் காய வைத்துக் காகிதம் செய்கிறார்கள். மரம் வெட்ட வேண்டாம். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு தாளில் பல சோப்புக்குப் பட்டை சுற்றலாம். சோப்பு முழுவதையும் மூட வேண்டியதில்லை, நடுவில் ஒரு பட்டை போதும்.

தூள் வகைதான் சிக்கல். மழை மாதத்தில் காகிதம் ஈரத்தை இழுத்துத் தூளைக் கட்டியாக்கிவிடும். அதற்கு வாயகன்ற கண்ணாடி பாட்டில்தான் சரி. கனம், உடையும், பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று சொல்வார்கள். அதனால் வெளியூர்க் கண்காட்சிக்கு வேண்டாம், நம் ஊர்களிலும் வாரச் சந்தையிலும் மட்டும் பாட்டில் என்று தொடங்கலாம். விலையில் ஐந்து ரூபாய் சேர்த்து வாங்கி, பாட்டில் வந்தால் ஐந்தையும் திருப்பித் தருவோம். வந்த பாட்டிலை வெந்நீரில் கொதிக்க விட்டு, வெயிலில் ஈரமே இல்லாமல் காய வைக்க வேண்டும். மருந்து பாட்டிலும் பூச்சிமருந்து பாட்டிலும் எவ்வளவு கழுவினாலும் சேர்க்கவே கூடாது. வாங்கும்போதே மோந்து பார்த்துத் தள்ளிவிட வேண்டும்.

லேபிளை மைதாப் பசையில் ஒட்டுங்கள். தண்ணீரில் ஊறப் போட்டால் தானாக உரிந்துவிடும். பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டினால் ஒரு பாட்டிலுக்குக் கால் மணி நேரம் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.