சவண்டலை

சவண்டலை, இலங்கையின் உலர் வலயக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் வளரும் வைரம் பாய்ந்த மரம். சமண்டலை என்றும் வழங்கும். சிங்களத்தில் ஹல்மில்ல, தாவரவியலில் பெர்ரியா கார்டிஃபோலியா. மர வணிகத்தில் இதற்குத் 'திருகோணமலை மரம்' என்றே பெயர். இலங்கையின் கிழக்குக் காடுகளிலிருந்து சென்னைக்குக் கடல்வழி சென்ற மரம் என்பதால், விளைந்த இடமே வணிகப் பெயராயிற்று.

வாழிடமும் தோற்றமும்

திருகோணமலை நகரை அடுத்த பாலையூற்றிலிருந்து கந்தளாய் வரையும் அதற்கு அப்பாலும் பரந்த நிலம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே கொட்டிவிடும். பிறகு நீண்ட வறட்சி. பாலை, வீரை, முதிரை, கருங்காலி ஆகியவற்றோடு சவண்டலையும் இந்த வறட்சியைத் தாங்கி வளர்கிறது. இதய வடிவ இலையும் நீண்ட காம்பும் வெண்ணிறப் பூங்கொத்தும் இதன் அடையாளங்கள். காயில் பொதுவாக ஆறு சிறகுகள் இருக்கும். விதையை மூடியுள்ள மயிர் தோலில் பட்டால் அரிக்கும்.

பெயரிடல்

ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்டெனாவ் 1801இல் இதற்கு எஸ்பெரா கார்டிஃபோலியா எனப் பெயரிட்டார். வில்லியம் ராக்ஸ்பரோ, சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் பெருநூலின் மூன்றாம் தொகுதியில் (1820) இதைப் பெர்ரியா அம்மோனில்லா என்று விவரித்தார். பேரினப் பெயர் சென்னையில் பணியாற்றிய மருத்துவர் ஆண்ட்ரூ பெர்ரியைக் குறிக்கும். அம்மோனில்லா என்பது ஹல்மில்ல என்ற சிங்களப் பெயரின் திரிபு. 1926இல் தாவரவியலாளர் புர்ரெட் இவ்விரு பெயர்களையும் இணைத்து இன்றைய பெயரை நிலைநிறுத்தினார். முன்பு சணலோடு டிலியேசி குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இம்மரம், இப்போது பருத்தியும் பூவரசும் அடங்கிய மால்வேசி குடும்பத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.

கட்டையின் பண்புகள்

வைரம் கருஞ்சிவப்பு, இழை நேரானது. தேக்கைவிடக் கனமும் கடினமும் மிகுந்த கட்டை இது. ஆயினும் வளைந்து கொடுக்கும், எளிதில் பிளக்காது. இந்தக் குணத்தை ஆய்வுக்கூடங்களுக்கு முன்பே தச்சர்கள் அறிந்திருந்தனர். சென்னையில் துறைமுகம் கட்டப்படும்வரை கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகளே கரை சேர்த்தன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைகளால் ஆனவை அப்படகுகள். அலை தூக்கி மணலில் மோதும்போது உடையாமல் நெகிழும் பலகைதான் அவற்றுக்கு ஏற்றது. அதற்குச் சவண்டலை பயன்பட்டது. வண்டி அச்சு, துடுப்பு, கருவிப்பிடி ஆகியவற்றுக்கும் இது உகந்தது. திரவம் கசியாமல் தாங்குவதால் பீப்பாய்ப் பலகையாகவும் பெயர் பெற்றது. இலங்கையின் தென்னஞ்சாராயத்தை முதிரவைக்கும் மரத்தொட்டிகள் மரபாக இக்கட்டையில் செய்யப்படுபவை.

இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் இப்பயன்களைப் பதிவு செய்தார். ஜே. எஸ். கேம்பிளின் இந்திய மரக்கட்டைக் கையேடு (1881) இதை அறிவியல் முறையில் விவரித்தது. ஹென்றி ட்ரைமென் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்து எழுதிய இலங்கைத் தாவரக் கையேட்டின் முதல் தொகுதி 1893இல் வந்தது. இத்தீவின் காட்டு மரங்களுக்கு அதுவே நெடுங்காலம் அடிப்படை நூலாக இருந்தது.

காட்டு நிர்வாகம்

ஏற்றுமதியும் சேனைப் பயிர்ச்செய்கையும் பெருமரங்களைக் குறைத்தன. இந்தியக் காட்டுத் துறை அதிகாரி எஃப். டி. வின்சென்ட் 1882இல் இலங்கைக் காடுகள் பற்றி அறிக்கை அளித்தார். 1885இல் காட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1907இன் 16ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து உலர் வலயத்தில் காட்டை வெட்டித் தேக்குத் தோட்டங்கள் பெருமளவில் அமைக்கப்பட்டன. வளர்ப்பு முறையும் விளைச்சல் கணக்கும் தேக்குக்கு முன்பே வகுக்கப்பட்டிருந்ததால், உள்ளூர் மரங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

வளர்ச்சி ஆய்வு

சவண்டலை போன்ற உள்ளூர் மரங்களுக்கும் அத்தகைய விளைச்சல் கணக்கை வகுக்க, அவை வளரும் வேகம் தெரிய வேண்டும். குளிர்நாட்டு மரங்களின் வயதை ஆண்டு வளையங்களை எண்ணி அறியலாம். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் வளையங்கள் தெளிவாக அமைவதில்லை. எனவே நிலையான ஆய்வுத் துண்டங்களை அமைத்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, நிலத்திலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் பருமனைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளப்பதே நம்பகமான வழி. ஈர வலயத்துச் சிங்கராஜக் காட்டில் சாவித்திரி குணத்திலக்க, நிமல் குணத்திலக்க ஆகியோர் 1990களில் 25 ஹெக்டேரில் இத்தகைய துண்டத்தை அமைத்தனர். அங்கு 1 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தண்டுகள் அளக்கப்பட்டன.

உலர் வலயத்தில் முன்னோடிப் பணி பொலன்னறுவையில் நடந்தது. குரங்குகளை ஆராய வந்த வுல்ஃப்காங் டிட்டஸ், அவை வாழும் காட்டின் அமைப்பையும் அளந்து 1977இல் வெளியிட்டார். 1978 நவம்பரில் மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளி அந்தக் காட்டையும் முறித்தது. முன்பே எடுத்த அளவுகள் கையில் இருந்ததால், புயலுக்கு முன்னும் பின்னும் காடு எப்படி இருந்தது என்பதை அவர் 1985இல் ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது. உலர் வலயக் காட்டின் உருவை வறட்சியோடு சூறாவளியும் தீர்மானிக்கிறது என்பது அந்த ஆய்வு தந்த பாடம்.

1991 முதல் 1996 வரை நடந்த தேசியப் பாதுகாப்பு மீளாய்வு 204 காடுகளில் உயிரினங்களைக் கணக்கெடுத்தது. உள்நாட்டுப் போர்ச்சூழலால் வடக்கு, கிழக்கின் பெரும்பகுதிக்கு ஆய்வாளர்கள் செல்ல இயலவில்லை. சவண்டலைக்கு வணிகப் பெயர் தந்த திருகோணமலை மாவட்டத்தின் காடுகள் அந்தக் காலத்தில் ஆய்வுக்கு எட்டாமலே இருந்தன.

இன்றைய நிலை

இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை இலங்கை 1990இல் தடை செய்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் 2009இன் 65ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டு, காடு பேணல் கட்டளைச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் உள்ளது. சவண்டலை இன்றும் உயர்தர மரமாகவே மதிக்கப்படுகிறது.